லேஸ் இல்லாத சப்பாத்து

காலில் சுடுதண்ணி ஊற்றின மாதிரி நிற்கிறாய் என்று என் மனுசன் என்னைப் பார்த்துச் சொல்லாத நாள் இல்லை. தம்பி பாரிசிலிருந்து வந்த அன்று விமான நிலையத்தில் அதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வருகை வாசலுக்கும் கோப்பிக் கடைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. கதிரையில் இருந்தால் கால் தன்பாட்டில் ஆடும். படுத்தால் போர்வையை உதைக்கும். அது என் சுபாவம், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்துப் பொறுமை முழுவதும் தம்பிக்குப் போய்விட்டது, எனக்கு மிஞ்சியது அவசரம்.

அன்றைய அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. மனைவி தவறிப்போன பிறகு தம்பி பாரிசில் தனியாக இருக்கிறான். பிள்ளைகள் இல்லை. சலரோகம், அந்தச் சீனி வருத்தம், மட்டும் இருக்கிறது. தொலைபேசியில் சுகம் கேட்டால், "எல்லாம் நல்லம் அக்கா, நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்று கதையை மாற்றிவிடுவான். எங்கள் அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்த பிறகும், பார்க்க வந்த ஆட்களிடம் "ஒண்டுமில்லை, ஒரு சின்னப் புண்" என்றுதான் அவர் சொன்னார். அந்த மனுசனின் பிள்ளை இவன். அதனால்தான் கட்டாயப்படுத்திக் கனடாவுக்கு ரிக்கற் போடவைத்தேன். இந்த முறை அவன் காலை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

வெளியே வந்தான். கடும்நீல மேலங்கி, கசங்காத ஜீன்ஸ், கழுத்தில் ஒரு மஃப்ளர். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே காலைப் பார்த்தேன். அதே மண்ணிறச் சப்பாத்து. லேஸ் இல்லை, கொக்கி இல்லை. மேலே குறுக்காக ஒரு தோல் பட்டி, பட்டியின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டு. இங்கே அதை லோபர் என்பார்கள். அவனுக்கு முன்னால் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பான். பிரெஞ்சில் மொக்கசான் என்று சொல்ல வேண்டுமாம்.

"எடேய், கனடாவிலை இன்னும் பனி கரையேல்லை. உதையோ போட்டுக்கொண்டு வாறது?"

"முதல்லை கட்டிப்பிடியுங்கோ அக்கா, பிறகு பேசுங்கோ."

கட்டிப்பிடித்தேன். மெலிந்திருந்தான். விலகும்போதுதான் மற்றதைக் கவனித்தேன். கறுப்புச் சொக்ஸ் போட்டிருந்தான். பாரிசுக்குப் போன காலம் தொட்டு இந்தச் சப்பாத்துக்கு அவன் சொக்ஸ் போட்டதே கிடையாது. கணுக்கால் தெரிய வேண்டும், அதுதான் வடிவு என்று அடம்பிடிப்பான். அந்த வெறுங்கணுக்காலைப் பார்த்து நான் விட்ட பகிடி கொஞ்சநஞ்சமல்ல. "குளிர் அக்கா" என்றான் இப்போது. கடைசியில் என் சொல் அவன் காதில் ஏறியிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மில்லிக்கனில் எங்கள் வீடு. வந்த கையோடு அவனுடைய பெட்டியைத் திறந்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அது என் வேலை இல்லைத்தான், ஆனால் சும்மா இருக்க ஏலாதே. சேர்ட்டுகளுக்கு அடியில் கையை விட்டால் மரத்தில் செய்த இரண்டு பாதங்கள். அப்பாவின் ஞாபகம் வந்து, அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். அவன் வந்து பார்த்துச் சிரித்தான். இரவில் சப்பாத்துக்குள் வைக்கிற கட்டையாம், தோல் சுருங்காமல் இருக்குமாம்.

"காலுக்கு மருந்து பூசாட்டிலும் சப்பாத்துக்குப் பூசுவாய் போலை" என்றேன்.

"கால் பழசானால் மாத்தேலாது அக்கா. இது அடி தேயத் தேய மாத்தலாம்" என்றான். அவன் பகிடிதான் விட்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இந்தச் சப்பாத்துப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதை என் மகளுக்கு அவன் சாப்பாட்டு மேசையில் விளக்கினான். நானும் அதை முழுதாக அன்றைக்குத்தான் கேட்டேன். பாரிசுக்குப் போன புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினான். குசினி நிலத்துக்குக் கீழே. கூரையோடு ஒட்டி ஒரே ஒரு நீட்டு யன்னல், அதற்கு வெளியே நடைபாதை. நாள் முழுக்க நுரைத் தண்ணிக்குள் கையை விட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் தெரிவது போகிற வருகிற கால்கள் மட்டும்தான். பிரெஞ்சுக்காரரின் முகத்தைப் பார்க்க முன்னம் அவர்களின் காலை அவன் படித்துவிட்டான்.

"காச்சட்டை அகலமா வந்தது, பிறகு ஒடுக்கமா வந்தது, பிறகும் அகலமா வந்தது" என்றான் மகளிடம். "அதுக்குக் கீழை சப்பாத்து மட்டும் மாறேல்லை. படிக்கிற பெடியன் போட்டதும் இதுதான், கோட்டுப் போட்ட வக்கீல் போட்டதும் இதுதான், பாண் வாங்கிக்கொண்டு போற கிழவன் போட்டதும் இதுதான். ஒருநாள் அந்த யன்னலாலை பாத்து முடிவெடுத்தன், நானும் ஒருக்கா இதைப் போட்டுக்கொண்டு இந்த யன்னலுக்கு வெளியாலை நடக்கவேணுமெண்டு."

"நடந்தீங்களா மாமா?"

"நடந்தனான். குசினியிலை நிண்ட பெடியள் கை தட்டினவங்கள்."

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, யூ ஆர் சோ கூல்" என்றாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, சீரியஸ்லி, உங்கட ஷூவைப் பாருங்கோ" என்றாள்.

என் சப்பாத்துக்கு என்ன குறை? தடித்த அடி, நல்ல லேஸ், இரட்டை முடிச்சு. நான் வேலை செய்கிற கடை ஒரு விளையாட்டு மைதானம் அளவு. அதற்குள் நாள் முழுக்க ஓடித்திரிகிறவளுக்கு இதுதான் சரி. அதைத்தான் சொன்னேன். பெருமைக்கு இன்னொன்றும் சொன்னேன். போன கிழமை என் தோட்டின் சுரை, அந்தச் சின்னத் திருகாணி, தொலைந்துபோய், வேலையிடத்தில் ஒரு மூலை விடாமல் தேடினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் உள்ளேயிருந்து விழுகிறது. அதன் மேலேயே மிதித்துக்கொண்டு நாள் முழுக்க நடந்திருக்கிறேன்.

"பாத்தியோ, என்ரை சப்பாத்துக்குள்ளை போனது ஒண்டும் வெளியிலை வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"பிரெஞ்சுக்காரன் நல்லா உடுப்பான் அக்கா, ஆனால் மினக்கெட்டு உடுத்த மாதிரிக் காட்டமாட்டான்" என்றான் தம்பி. "லேஸ் கட்டுறது மினக்கேடு. இது காலை விட்டால் போச்சு. உண்மையைச் சொன்னால் எங்கடை ஆக்களுக்கெண்டே செய்த சப்பாத்து. வீட்டுக்கு வீடு வாசலிலை கழட்டுறனாங்கள். நீங்கள் குனிஞ்சு முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிண்டால் பின்னாலை வாறவன் முட்டுவான்."

"உது கழண்டு விழாதோ? அப்பாவின்ரை செருப்பு மாதிரி."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அப்பா கடைக்குப் போவார், பாதி வழியில் ஒரு செருப்புக் கிடக்கும், மனுசன் ஒற்றைக் காலில் செருப்போடு போய்க்கொண்டே இருப்பார். யாராவது "ஐயா, உங்கடை செருப்பு" என்று தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். யோசனையில் நடக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். காலில் உணர்ச்சி செத்துப்போனதால்தான் அது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தம்பி எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனான்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. நல்லெண்ணெய் பூசி முழுக வார்க்கிறேன் என்றேன், வேண்டாம் என்றான். கால் பிடித்துவிடவா என்றேன், கூச்சம் என்றான். குளியலறையிலிருந்து வரும்போதே சொக்ஸோடுதான் வருவான். வாசலில் காவல் நின்றும் பார்த்துவிட்டேன். எங்கள் குடும்ப டொக்டரிடம் ஒருக்கால் காட்டுவோம் என்றால், "அங்கை எனக்கு டொக்டர் இருக்கிறார் அக்கா" என்பான்.

"விடுமப்பா, அவன் என்ன சின்னப்பிள்ளையோ?" என்றார் என் மனுசன்.

நான் விடுகிற ஆளா? என் போலவே லேஸ் வைத்த, மெத்தென்ற சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்து அவனுடைய லோபருக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை ஒரு முறை தூக்கிப் பார்த்தான். "நல்லாக் கிடக்கு அக்கா, அத்தானுக்குக் குடுங்கோ" என்றான். இவருக்கு அளவு சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் அதைத்தான் போடுகிறார்.

அந்தச் சனிக்கிழமை பிக்கரிங்கில் குடிபூரல். என் மனுசனின் சொந்தக்காரர் புதுவீடு வாங்கியிருந்தார்கள். வந்த சனத்தின் சப்பாத்தெல்லாம் கராஜுக்குள், விரித்த கார்ட்போர்ட் மட்டைகளின் மேல் குவிந்துகிடந்தது. வெளியே பனி அரைவாசி கரைந்து, உப்பும் சேறுமாக இருந்தது. நான் குனிந்து முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, தம்பி குதிக்காலால் தட்டிக் கழற்றிவிட்டு என்னைத் தாண்டிப் போனான். போகும்போது ஒரு சிரிப்பு வேறு.

பால் பொங்கப் போகிற நேரம். எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள், இவன் மட்டும் கறுப்புச் சொக்ஸோடு. சாமிப் படத்துக்கு நேரே நிற்கிறான். எனக்கு மானம் போனது. பக்கத்தில் போய், "சொக்ஸைக் கழட்டடா, ஆக்கள் பாக்கினம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் மெதுவாகச் சனத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்க் கராஜில் நின்றான். பால் பொங்கி எல்லாரும் சந்தோஷப்பட்டபோதும் உள்ளே வரவில்லை. கழற்றுவதைவிட வெளியே நிற்பது அவனுக்குச் சரியாகப்பட்டிருக்கிறது. அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவரை இழுத்துக்கொண்டு வந்து காரை எடுக்கச் சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறினேன். தம்பி கராஜ் வாசலில் வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றான். அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, கீழே குனியாமல், சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டான், மற்றக் காலை விட்டான். கை காட்டினான். சாய்வான டிரைவ்வேயில் இறங்கி, எங்களை நோக்கிக் கையை வீசிக்கொண்டு நல்ல ஸ்டைலாக நடந்து வந்தான்.

பாதி வழியில் ஏதோ ஒன்று என் கண்ணுக்கு ஒத்துவரவில்லை. ஒரு கால் மண்ணிறம். மற்றக் கால் கறுப்பு.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். "டேய் பிரெஞ்சுக்காரா, மற்றச் சப்பாத்தை எங்கை விட்டிட்டு வாறாய்?"

"எந்தச் சப்பாத்து?" என்றான்.

பிறகு குனிந்து பார்த்தான். திரும்பிப் பார்த்தான். அவன் வந்த வழியில், கரைந்த பனிச் சேற்றுக்குள் அந்த லோபர் கிடந்தது. அங்கிருந்து கார்வரைக்கும் சொக்ஸோடு அந்த ஐஸ் தண்ணிக்குள் நடந்து வந்திருக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த என் கால்விரல்தான் குளிரில் மடங்கியது. அவன் முகத்தில் வெட்கம் இல்லை. பயம் இருந்தது.

"கழண்டது தெரியேல்லை அக்கா" என்றான்.

நான் காரை விட்டு எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவனைப் பின் இருக்கையில் கால் வெளியே தொங்க இருத்தி, ஊறிப்போன சொக்ஸை உரித்தேன். உள்ளே பிளாஸ்ரர். பிளாஸ்ரரைச் சுற்றி வீக்கம். சின்னவிரல் கறுத்துப்போயிருந்தது. அழுகல் மணம் வந்தது. என் மனுசன் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

"எப்ப துவங்கினது உது?"

"பாரிசிலை. சப்பாத்து உரஞ்சினது எண்டு நினைச்சன். நோகேல்லை அக்கா."

"நோகேல்லை எண்டதுதானேடா வருத்தம்! கோதாரி விழுவானே, டொக்டரிட்டைக் காட்டினனியோ?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. "போனால் அப்பாவின்ரை மாதிரி எடுத்துப்போடுவாங்கள் எண்டு பயமாக் கிடந்தது" என்றான். அவ்வளவு பெரிய ஆம்பிளை, பிக்கரிங்கில் யாரோ வீட்டு வாசலில் இருந்து அழுதான். நானும் அழுதேன். பேசினேன், அழுதேன், திரும்பவும் பேசினேன். ஸ்காபரோ ஆஸ்பத்திரி வரைக்கும் பின் இருக்கையில் அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் சேலை முழுவதும் சேறு.

விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதமும் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையும் பகிடியாக்கினான்.

"பாத்தீங்களோ அக்கா, மொக்கசான்தான் என்னைக் காப்பாத்தினது. உங்கடை இரட்டை முடிச்சுச் சப்பாத்து போட்டிருந்தால் கழண்டிருக்காது. கழராட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"வாயை மூடிக்கொண்டு கிட" என்றேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது. பாரிசுக்குத் திரும்புகிற ரிக்கற்றைப் பின்னுக்குத் தள்ளினோம். லோபர் இரண்டையும் கழுவித் துடைத்து, மரப்பாதங்களை உள்ளே விட்டு, நானே அலுமாரியில் வைத்தேன். அவனுக்கு இப்போது காலுக்கென்று அளவெடுத்துச் செய்த, தட்டையான, பார்க்கவே சகிக்காத ஒரு கறுப்புச் சப்பாத்து. அதைப் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை அவனைப் பாதக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிளாசா ஒன்றுக்குள் சின்ன இடம். நேர்ஸ் மெல்லிய நைலோன் நூல் ஒன்றால் அவனுடைய பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டாள். வீட்டில் வேறு யாருக்காவது இந்த வருத்தம் உண்டா என்றாள். வழக்கம் போல நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அப்பாவுக்கு இருந்தது, கால் போனது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது, குளிசை போடுகிறேன், ஆனால் நான் ஓடித்திரிகிறவள், எனக்கு ஒன்றுமில்லை.

அவள் பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்றேன்.

"கழட்டுங்கோ அக்கா" என்றான் தம்பி. பழிவாங்குகிற சந்தோஷம் அவனுக்கு. "ஏன், காலைக் காட்ட வெக்கமோ?"

குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். இரட்டை முடிச்சு, லேசில் அவிழவில்லை. அவன் கதிரையைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். நேர்ஸ் என் குதிக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கண்ணை மூடு, தொடும்போது ஓம் என்று சொல் என்றாள். மூடினேன்.

காத்திருந்தேன். வெளியே யாரோ காரைப் பின்னுக்கு எடுக்கிற சத்தம். சுவர் மணிக்கூடு அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பெண் எதை எடுத்து என்ன செய்து எப்போது தொடங்கப் போகிறாளோ என்று எனக்கு எரிச்சல் ஏறியது.

"தம்பி, உவ என்ன செய்யிறா? கெதியாத் துவங்கச் சொல்லு. எனக்கு வேலைக்குப் போகவேணும்."

அவன் கதிரையை இன்னும் கிட்ட இழுக்கிற சத்தம் கேட்டது. பகிடி ஒன்றும் விடவில்லை.

"டேய்?"

கதிரைக் கைப்பிடியில் இருந்த என் கைக்கு மேல் அவனுடைய கை வந்து பிடித்தது.

"அக்கா" என்றான். "அவ தொட்டுக்கொண்டுதான் இருக்கிறா."

நான் கண்ணைத் திறக்கவில்லை.